ஊதாத விசில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை மாதத்தில் ஒரு முற்பகல். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகச் செந்துறைக்குச் செல்லும் அரசுப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. நடத்துநர் கிருஷ்ணமூர்த்தி பின்படியருகே நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது, வெளுத்த கைத்தறிச் சேலையும் ரப்பர்ச் செருப்பும் அணிந்த ஒரு பெண்மணி, தோளில் துணிப்பையுடன் ஏறினார். அவரைக் கண்ட மாத்திரத்தில் கிருஷ்ணமூர்த்தி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

ஏறியவர் அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அம்சவள்ளி.

"ஏண்டி, எம்மெல்லே பஸ்ஸுல வருது? காரு பஞ்சராயிடுச்சா?" என்று முந்திரிக்கொட்டைக் கூடையை மடியில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்.

"காரு இருந்தாத்தானடி பஞ்சராவும்!" என்றாள் அடுத்தவள்.

அது காதில் விழுந்து அம்சவள்ளியும் சிரித்தார். "கெவுருமென்ட்டு ஓசிப் பாஸு குடுத்திருக்கு அக்கா. அத ஏன் சும்மா வுடணும்?"

முன்னிருக்கைக்காரர்கள் எழுந்து இடம் தந்தனர். அவரோ கைகூப்பி மறுத்துவிட்டு நேராகப் பின்புறம் நடந்து, கடைசியிலிருந்து மூன்றாம் வரிசையில் சன்னலோரமாக அமர்ந்தார். கிருஷ்ணமூர்த்தி சீட்டுக் கட்டைக் கை நழுவவிட்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் அந்தப் பெண் அதே வரிசையில், அதே சன்னலோரத்தில்தான் அமர்ந்திருந்தார்.

அம்சவள்ளியின் வரலாறு அப்பகுதியில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். செந்துறைக்கு அப்பால் ஒரு சேரியில், கையகல நிலமும் இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். கணவன் மாயவன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து மாண்டான். பின்பு ஒரே மகளையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். வேறொருத்தியாயிருந்தால் மூலையில் முடங்கியிருப்பாள். இவரோ முந்திரி பொறுக்கும் பெண்களைக் கூட்டிக்கொண்டு, குடிநீருக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் வெறுங்குடத்துடன் அமர்ந்தார், தடியடி பட்டார், சிறை சென்றார், சிறையிலே எழுத்துக் கற்றார். வாடகைச் சைக்கிளில் வாக்குக் கேட்டு வென்றார். மலை குலைந்தாலும் மனம் குலையாதவர் என்று அவரை ஊர் மெச்சியது. அந்த நெருப்பு எந்த இடத்தில் பற்றியது என்பதைச் சட்டமன்றத்தில் ஒருமுறை அவரே சொல்லியிருந்தார். "ஒரு நடத்துநர்" என்று மட்டுமே சொன்னார். அந்த நடத்துநர் யார் என்பது ஊருக்குத் தெரியாது, கிருஷ்ணமூர்த்திக்குத் தெரியும்.

நிகழ்ந்தது இதுதான். எழுபத்து மூன்றாம் ஆண்டு, இதே போன்ற ஒரு கோடை நண்பகலில், ஐந்து வயது மகள் கொளஞ்சியைத் தோளில் சாய்த்துப் பழஞ்சேலையால் போர்த்தியபடி ஓர் இளம்பெண் பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏறினாள்.

"ஒரு முழுசு, ஒரு அரை குடுங்க சாமி. கொளஞ்சி தூங்குது."

கிருஷ்ணமூர்த்தி சீட்டைக் கிழித்து நீட்டுகையில், குழந்தையின் தொங்கிய பாதம் அவர் புறங்கையில் பட்டது. தகரக் கூரை தகித்த அந்த வேளையில், அப்பாதம் கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. பயணிகள் வண்டியில் பிணம் ஏற்றலாகாது என்பது விதி. ஏற்றினால் வேலைக்கு உலை. ஆயினும் கார் பிடிக்க வக்கில்லாத அந்தத் தாய்க்கு வீடு போய்ச் சேர வேறு வழியேது? கிருஷ்ணமூர்த்தியின் மகளுக்கும் அப்போது ஐந்து வயது. ஒன்றும் அறியாதவர் போல அரை டிக்கெட்டைத் தந்தார். வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டியின் தகரத்தை விரல் முட்டியால் இருமுறை தட்டினார். வண்டி நகர்ந்தது. அரியலூரைத் தாண்டும்வரை ஒரு நிறுத்தத்திலும் அவர் விசில் ஊதவில்லை.

அரியலூரைக் கடந்ததும் ஈக்கள் மொய்த்தன. பக்கத்திலிருந்தவள் போர்வையை விலக்கிப் பார்த்து அலறினாள்.

"ஐயய்யோ, பொணம்! செத்த புள்ளைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கா!"

"ஏன்யா கண்டக்டரு, பொணத்துக்கும் டிக்கெட்டுக் கிழிக்கிறியா?" என்று மீசைக்காரர் ஒருவர் எழுந்தார். "டிப்போவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டா ஒன் வேல என்னாவும் தெரியுமா?"

அச்சொல் கேட்டதும், அதுவரை இருந்த கிருஷ்ணமூர்த்தி எங்கோ ஓடி ஒளிந்துகொண்டார். "எனக்குத் தெரியாதுங்க! தூங்குதுன்னு பொய் சொல்லி ஏறிட்டாங்க. ஏய், எறங்கு! ஒரு வண்டியையே ஏமாத்துவியா நீ?"

அந்தப் பெண் விலகிய போர்வையை இழுத்து மூடினாள். ஓடைப் பாலத்தருகே இறங்கினாள். கிருஷ்ணமூர்த்தி அன்றைக்கு முதன்முறையாக, உரக்க விசில் ஊதினார். பின்கண்ணாடியில் அவள் உருவம் சிறுத்துக்கொண்டே போயிற்று. அங்கிருந்து அவள் ஊர் ஆறு மைல்.

நிற்க. இப்போது எண்பத்திரண்டில் வண்டி அரியலூரில் பாதி காலியாகிப் புறப்பட்டது. அம்சவள்ளி திரும்பிப் பார்த்தார்.

"கண்டக்டரண்ணே, இங்க செத்த ஒக்காருங்க."

தூக்குமேடைக்கு அழைக்கப்பட்டவர் போல அவர் எதிரிருக்கையின் நுனியில் அமர்ந்தார். அம்சவள்ளி பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். இறந்தவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல இலவச வண்டி வேண்டுமென்று அவர் கேட்டதற்குக் கோட்டையிலிருந்து வந்த பதில் அது. அவர் கூறியதுபோல ஒரு நிகழ்ச்சி நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும், புதன்கிழமை அரியலூர் பயணியர் விடுதியில் ஓர் அதிகாரி விசாரிப்பார் என்றும் அதில் கண்டிருந்தது.

"நான் சொன்னா கதைங்குறாங்க. கண்ணால பாத்தவங்க ஒருத்தராவது வேணுமாம்."

"எறக்கி வுட்டது நாந்தான்னு வந்து சொல்லணுமாம்மா?" என்று கேட்டார் கிருஷ்ணமூர்த்தி.

"எறக்கி வுட்டது ரூல்படி சரிதானண்ணே. அதுக்காவ ஒங்கள ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் கேக்க வந்தது வேற." அவர் சற்றுத் தயங்கினார். "அன்னைக்கி ஏன் நீங்க விசில் ஊதல?"

கிருஷ்ணமூர்த்தி திடுக்கிட்டார். இந்த உலகில் அதைக் கவனித்த உயிர் ஒன்று உண்டென்று அவர் கனவிலும் கருதியதில்லை.

"ஒவ்வொரு ஸ்டாப்புலயும் தகரத்தத் தட்டுனீங்க. தூங்குற புள்ள முழிச்சிக்கும்னு தட்டுனீங்களா? இல்ல, தெரிஞ்சேதான் எங்கள ஏத்துனீங்களா? ஒம்போது வருசமா இந்த ஒரு கேள்விதாண்ணே. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க. கோவிச்சிக்க மாட்டேன்."

வண்டி ஓடைப் பாலத்தில் ஏறியது. அம்சவள்ளி சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கால் என் கையில பட்டுதுங்கம்மா," என்றார் கிருஷ்ணமூர்த்தி. "சில்லுன்னு இருந்துச்சு."

அம்சவள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தடியடிக்கும் சிறைக்கும் கலங்காத அந்தத் தோள்கள் குலுங்கின. பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எங் கொளஞ்சியப் பாத்து அந்த வண்டியில ஒரு சீவன் பாவப்பட்டிருக்கு. மொத்தமும் கல்லுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"ஒங்கள ஏமாத்துக்காரின்னு சொன்னேனேம்மா!"

"சொன்னீங்க. அத நான் மறக்கலண்ணே." அதை மென்மையாகவும் சொல்லவில்லை, கடுமையாகவும் சொல்லவில்லை. பிறகு பைக்குள்ளிருந்த சிறு சுருக்குப்பையைத் திறந்தார். மஞ்சளேறிய அரை டிக்கெட் ஒன்று அதனுள் மடிந்திருந்தது. "இந்த நம்பர டிப்போவுல காட்டியிருந்தா ஒரே நாள்ல ஒங்க பேரச் சொல்லியிருப்பாங்க. எனக்கு வேண்டியது வண்டி, ஒங்க பேரில்ல. இப்பவும் வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம். தெரிஞ்சு ஏத்துனேன்னு சொன்னா வேலைக்கு ஆபத்து. புள்ளகுட்டிக்காரரு, யோசிச்சுக்குங்க."

செந்துறையில் அவர் இறங்கிச் சென்றார். கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டே ஒன்பது ஆண்டுகள் அதை ஓங்காமலிருந்த அந்தப் பெண்மணியை, வண்டியில் நின்றபடி கிருஷ்ணமூர்த்தி பார்த்துக்கொண்டேயிருந்தார். மனிதப் பிறவியில் இப்படியும் ஓர் உயரம் உண்டா என்று வியந்தார்.

புதன்கிழமை போய்ச் சாட்சி சொல்லப் போவதாக வீட்டில் மனைவி ஜெகதாம்பாளிடம் சொன்னபோது அவள் பொரிந்து தள்ளினாள்.

"ஒங்களுக்கென்ன பைத்தியமா? ரெண்டு பொண்ணக் கரையேத்தணும். வாய மூடிக்கிட்டு வூட்டுல கெடங்க!"

அவர் மறுக்கவில்லை. குளிர்ந்த பாதத்தைப் பற்றிச் சொன்னார். பாலத்தைப் பற்றியும் சொன்னார். ஜெகதாம்பாள் அவர் எதிரே வந்து அமர்ந்தாள்.

"அந்த வெய்யில்லயா எறக்கி வுட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை காலையில் அவருடைய காக்கிச் சட்டை துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பயணியர் விடுதியில் அதிகாரி மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். அம்சவள்ளிக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. கிருஷ்ணமூர்த்தி நின்றுகொண்டே நடந்ததைச் சொல்லி முடித்தார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "பொணம்னு தெரிஞ்சேதான் ஏத்துனீரா? யோசிச்சுச் சொல்லும். இது ஒம்ம சர்வீஸ் சம்பந்தப்பட்ட விஷயம்."

"தெரிஞ்சுதான் ஏத்துனேன் சார். ரூல்படி அது தப்பு. எறக்கி வுட்டது ரூல்படி சரி. ஆனா ஒம்போது வருசமா என் தூக்கத்தக் கெடுத்தது அந்தச் சரிதான். அப்படியே எழுதிக்குங்க."

அம்சவள்ளி எழுந்து, தாம் அமர்ந்திருந்த நாற்காலியை நகர்த்திக் கிருஷ்ணமூர்த்தியின் பக்கத்தில் வைத்தார்.

"ஒக்காந்து கையெழுத்துப் போடுங்கண்ணே," என்றார்.

அவர் உட்கார்ந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் நின்றிருக்க, ஒரு நடத்துநர் அமர்ந்து கையெழுத்திட்ட காட்சியை அந்த விடுதியின் காவலாளி பல நாள் சொல்லிச் சொல்லி வியந்தாராம்.

விதி தன் கடமையைச் செய்தது. கிருஷ்ணமூர்த்தி ஒரு மாதம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். அதை எதிர்த்து அம்சவள்ளி எழுதிய மனுவுக்குப் பதிலே வரவில்லை. வண்டிக்கான ஆணை மட்டும் மறு ஆண்டு பங்குனியில் வந்தது.

அந்தக் கோடையில் ஒரு நாள், ஓடைப் பாலத்தருகே கிருஷ்ணமூர்த்தியின் பேருந்துக்குப் பின்னால் வெள்ளை வேன் ஒன்று வந்தது. "ஆஸ்பத்திரி வண்டிண்ணே. வழி வுடவா?" என்று ஓட்டுநர் தங்கராசு குரல் கொடுத்தார். பேருந்து ஒதுங்கி நின்றது. வேனின் சன்னலில், யாரோ ஒரு தாயின் தோளும் அதன்மேல் சாய்ந்த ஒரு போர்வையும் தெரிந்து மறைந்தன.

"ஏன் இன்னும் நிக்கிது? ரைட் குடுங்க கண்டக்டரே!" என்று பயணி ஒருவர் அவசரப்படுத்தினார்.

கிருஷ்ணமூர்த்தி வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேன் வளைவில் திரும்பும்வரை காத்திருந்து, தகரத்தை விரல் முட்டியால் இருமுறை தட்டினார்.