இரண்டு மூடித் தண்ணீர்

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள மண்டபத்தில், ஆதிகால மனிதர்கள் செய்த மாதிரியே பானை செய்யப் பழக்கினார்கள். என் மகன் டெரன்ஸ் பெயர் கொடுத்தபோது, "நம்ம வீட்ல என்னடா, சட்டி பானைக்குப் பஞ்சமா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. அவன் சிரித்துவிட்டுப் போனான். சக்கரம் இல்லாமல், மண்ணைக் கயிறுபோல் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, கழுத்தைச் சுற்றிப் பெருவிரல் நகத்தால் அழுத்திச் செய்த ஒரு பானையோடு வந்தான். மூன்று வாரம் காயவைத்து, திறந்தவெளியில் விறகு மூட்டிச் சுட வேண்டுமாம்.

நாலாம் நாள், வேலைக்குப் போகும் வழியில் அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லாரியில் மோதியது. இருபத்துநாலு வயது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் கோவில் தண்ணீரைத் தெளித்துச் சிலுவை போடுவேன். கார், பரீட்சைப் பேனா, சோற்று குக்கர் என்று ஒன்றையும் விட்டதில்லை. டெரன்ஸின் மோட்டாருக்கு மட்டும் தெளிக்கவில்லை. என் பேச்சைக் கேட்காமல் வாங்கினான் என்று கோபம். "நீயே தெளிச்சிக்கோ" என்று தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். இப்போது அதை நினைக்காத நாளில்லை.

பானை சுடும் ஞாயிறு வந்தது. மூன்று வாரமும் என் மனைவி ஐரீன் அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, யாரையும் தொட விடவில்லை. அவள் உடை மாற்றப் போன நேரத்தில், பானைக்குள் அந்தப் போத்தலிலிருந்து இரண்டு மூடித் தண்ணீர் ஊற்றிச் சுழற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. இந்த முறையாவது தவறவிடவில்லை என்று நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

திடலில், பானை செய்யப் பழக்கிய குணாளன் ஒன்பது பானைகளைச் சுற்றிலும் விறகும் தேங்காய் மட்டையும் அடுக்கித் தீ வைத்தான். கால் மணி நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். ஐரீன் என் கையைப் பிடித்தாள். தீ அடங்கியபோது எட்டுப் பானைகள் முழுதாக இருந்தன.

"என்னடா சுடுறே? செத்த பிள்ளை செஞ்சதுன்னு தெரியும்தானே!" என்று நான் கத்தினேன்.

"சாரி அங்கிள். நல்லா காஞ்சிருந்தா வெடிக்காது. லேசா தண்ணி பட்டாலும் போதும், உள்ள ஆவியாகி உடைச்சிரும்லா. மொத நாளே எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"தண்ணியா?" என்றாள் ஐரீன். "நான் தூசிகூட பட விடலையே, தம்பி."

"நான்தான் ஐரீன். காலையில அன்னம்மா தண்ணி ஊத்துனேன்."

குணாளன் தலை குனிந்துகொண்டான். ஐரீன் ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினாள். அடியும் வயிறும் சில்லுகளாகக் கிடைத்தன. நகம் பதிந்த கழுத்து பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. வெகுநேரம் தேடினாள். நானும் முட்டிபோட்டுத் தேடினேன். ஒரு நகக்குறிகூட அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் இருந்த போத்தலை எடுத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

"அன்னிக்கே மோட்டாருக்கு ஊத்தியிருக்கலாம்லங்க" என்றாள்.