பேட்டரித் தண்ணீர் குடிக்கும் செடி

என் வீட்டுக்காரர் அழகுபாண்டி செடி வளர்க்கிறார். பூவுக்கோ காய்க்கோ ஆசைப்பட்டு யாரும் கூடையோடு வந்துவிட வேண்டாம். அது பிக்மி சண்டியூ, சட்டைப் பொத்தான் அகலம்கூடக் கிடையாது. இலை நுனியில் பசையை வைத்துப் பூச்சி பிடித்துத் தின்னுமாம். எங்கள் திருநகர்க் கொசுக்கள் அதைவிடப் பெரியவை, பயப்படக் காணோம்.

எங்கள் மகள் சடங்கில் தாய்மாமன் சீர்த்தட்டு குறைந்தது என்று இவர் ஒரு வார்த்தை விட்டார். அதிலிருந்து என் அண்ணன் தவசி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பேசிப் பார்த்த பெரிய மனுசர்கள் தோற்றார்கள். கடைசியில் இருவரும் வாட்ஸப்பில் ஒரே செடிக்குழுவில் மாட்டிக்கொண்டார்கள். வாங்கிய முளைகளைப் பங்கு போட்டார்கள். ஞாயிறானால் அண்ணன் அலங்காநல்லூரிலிருந்து வண்டியில் தன் தொட்டியோடு வந்துவிடுவார். யார் செடியில் பசைத்துளி அதிகம் என்று லென்ஸ் வைத்து ஒப்பிடுவார்கள். கிறுக்குத்தனம்தான். ஆனால் அண்ணன் வந்தாரே, எனக்கு அது போதும்.

அந்தச் செடிக்கு உப்பு ஆகாது. அதனால் எங்கள் போர்த் தண்ணீர் தீண்டத்தகாததாகி, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரை இவர் வாங்கி வந்தார். தொட்டி நிற்கும் தட்டில் தினமும் மீட்டர் விட்டு உப்பு பார்ப்பார். எனக்குச் சுகர் எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

ஒரு ஞாயிறு அண்ணன் லென்ஸை எடுக்காமலே இவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, ஒன்னோடது எம்புட்டுச் செழிப்பா இருக்கு."

அந்த வாரமே செடிகள் கருகின. இவர் மீட்டரைத் தொடவேயில்லை. விஞ்ஞானி அல்லவா, காரணம் முன்பே தெரிந்துவிட்டது.

"ஒங்கண்ணன் கண்ணு. அன்னைக்கே உப்பு சுத்திப் போட்டும் கேக்கல. வரட்டும், நேராவே கேட்டுப்புடுறேன்."

கேட்டால் அண்ணன் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து, கருகிய தொட்டியைப் பார்த்து நின்றார். இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சுத்துன உப்ப எங்க கரைச்சீங்க?"

"தண்ணிலதான்."

"எந்தத் தண்ணில?"

இவர் தொட்டித் தட்டைப் பார்த்தார். நான் மீட்டரை எடுத்து அதில் விட்டேன். கடல் தண்ணீருக்குக் காட்டுவதுபோல எகிறியது.

அண்ணன் முகம் மாறியது. "என் கண்ணுக்கா மாப்ள சுத்துன?"

"ஆமா மச்சான்."

போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"சுத்துனது சரி," என்றார் அண்ணன். "நம்ம கண்ணு ராசி அப்படி. ஆனா அத முச்சந்தில ஊத்திருக்கக் கூடாதா? படிச்ச மனுசன்."

பிறகு என்னிடம் கரண்டி கேட்டார். தன் தொட்டியில் பாதியை மண்ணோடு அள்ளி இவரிடம் நீட்டினார்.

"இத வச்சுக்க. அடுத்த வாரம் வந்து பாக்க எனக்கு ஏதாச்சும் வேணும்ல."

நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, மூன்று பேருக்கும் இலை போட்டேன்.