வட்டம் சுற்றக் கூடாது

என் அக்கா புருஷனுக்கு ஆபீசில் மின்னல் என்று பெயர். அதை அவரே வைத்துக்கொண்டார் என்பதுதான் வயிற்றெரிச்சல். பரிசோதனைக் கூடத்தின் முடிவுகளை நோயாளிகளின் போனில் காட்டும் ஆப் எங்கள் கம்பெனியுடையது. அதில் அவர் தலைமை வடிவமைப்பாளர், நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் மச்சினி. வீட்டிலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டும், ஆபீசிலும் கேட்க வேண்டும். என் தலையெழுத்து அப்படி.

மீட்டிங் என்றால் வாய் கிழியப் பேசுவார். போன் திரையில் சுற்றுகிற அந்தச் சின்ன வட்டம் அவருக்கு ஜென்ம விரோதி. வட்டம் சுற்றக் கூடாது என்பதைத் தவிர அவருக்குக் கொள்கை என்று ஒன்று கிடையாது. அதற்கு அவர் கண்ட வைத்தியம் கேட்வே. ஆப் கேட்கும் கேள்விகள் எல்லாம் எங்கள் சர்வருக்குள் நுழையும் வாசல் அது. ஒருமுறை வந்த பதிலை நகலெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்தவர் அதையே கேட்கும்போது உள்ளே போகாமல் நகலை நீட்டிவிடலாம். கூடத்தின் முகவரி, திறக்கும் நேரம் இவற்றுக்கெல்லாம் அருமையான ஏற்பாடு.

ஒவ்வொரு கேள்வியின் தலையிலும், பதிலின் தலையிலும் ஹெட்டர் என்று சில வரிகள் ஒட்டிக்கொண்டு வரும். நோயாளியின் முடிவு என்றால் 'இதைச் சேமிக்காதே' என்று அதில் இருக்கும். அது நான் எழுதியது. கேட்கிறவர் யார் என்பதும் கேள்வியின் ஹெட்டரில்தான் இருக்கிறது. இந்த மனிதர் இரண்டையுமே கண்டுகொள்ளாதே என்று கேட்வேக்குச் சொல்லி வைத்தார். ஆளுக்கு ஆள் ஹெட்டர் மாறுவதால் நகல் உதவவே மாட்டேன் என்கிறதாம். ஆக, 'என் முடிவு என்ன' என்று யார் கேட்டாலும் ஒரே கேள்வி, ஒரே பதில். நான் லீவில் இருந்த அன்று இந்த வீரச்செயலைச் செய்து, தன்னுடைய லாகினில் மட்டும் சோதித்துப் பார்த்திருக்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்ததாம். வராமல் என்ன செய்யும்? இதெல்லாம் எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது.

அக்காவின் மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. வந்துவிட்டது என்று அவள் கூப்பிட்டதும் ஆட்டோ பிடித்து ஓடினேன். வீட்டில் ஒரே சிரிப்பு. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேலே அவள் பெயர். அது சர்வரிலிருந்து வருவதல்ல, போனே போட்டுக்கொள்வது. கீழே 'கவலைப்பட ஒன்றுமில்லை. உடல் எடையைக் கொஞ்சம் குறைக்கவும்' என்று இருந்தது.

தொட்ட உடனே வந்துவிட்டது என்று மின்னல் சோபாவில் சாய்ந்தபடி இரண்டு முறை சொன்னார். பெண்டாட்டி பிழைத்ததைவிட வட்டம் சுற்றாததில்தான் அவருக்குப் பூரிப்பு என்று எனக்குப் பட்டது.

"என்னப் போயி எடையக் குறைக்கச் சொல்றாங்க பாரேன்" என்று அக்கா கையைத் தூக்கிக் காட்டினாள். கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் போனைத் திறந்தேன். போன வாரம் எனக்கு ரத்தசோகை என்று காட்டிய ஆப், இப்போது எடையைக் குறைக்கச் சொன்னது. லேப்டாப்பை எடுத்து அந்தப் பதிலின் ஹெட்டரைப் பார்த்தேன். நகலுக்கு எவ்வளவு வயது என்று சொல்லும் வரி ஒன்று அதில் உண்டு. அது நேற்று எடுத்த நகல். அக்காவின் முடிவைக் கூடம் ஏற்றியதே இன்றைக்குத்தான்.

மின்னலைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். முதலில் கூடத்தைத் திட்டினார், பிறகு நெட்வொர்க்கை, பிறகு ஹெட்டர் எழுதிய என்னை. எடை வரியை மறுபடி படித்தபோது அவர் கை தானாகத் தொப்பைக்குப் போனது. கம்பெனி செலவில் அவர் செய்துகொண்ட உடல் பரிசோதனையின் முடிவு அது. நேற்றிலிருந்து ஊரே இவருடைய ஆரோக்கியத்தைத் தன்னுடையது என்று படித்துக்கொண்டிருந்தது.

"இப்ப எதையும் அழிக்காதம்மா. இன்னிக்கு ஒரு நாளாவது அவ நிம்மதியா தூங்கட்டும்" என்றார்.

ஒரு நொடி அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. அது வந்ததை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் அடுத்த மூச்சிலேயே, நாளைக்குச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றார்.

அக்கா காலி டம்ளர்களோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. டம்ளர்களை மேடையில் வைத்தாள்.

"அழிடி" என்றாள் என்னிடம்.

நகல்களை அழித்தேன். அவர் செய்து வைத்த ஏற்பாட்டையும் நிறுத்தினேன். அக்கா போனைத் தொட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பாவி மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுத்தட்டும்" என்று முணுமுணுத்தார். "இன்னும் கொஞ்சம் சுத்தட்டும்."

வட்டம் நின்றது. அக்கா படித்தாள். உடனே மருத்துவரை வந்து பார்க்கச் சொல்லியிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். மின்னல் விசும்பிக்கொண்டே அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

நேற்றிலிருந்து எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டாள். வாய் கிழியப் பேசுகிறவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அக்கா ஹாலுக்குப் போய், சோபாவில் கிடந்த அவருடைய போனை எடுத்து வந்து அவர் கையில் திணித்தாள்.

"மொதல்ல அவங்களுக்கெல்லாம் சொல்ல வழியப் பாருங்க" என்றாள். "எனக்காக அழறத அப்புறம் வச்சுக்கலாம்."