சான்றிதழ் காலாவதியான மதியம்

கோவில்பட்டிக்கு வெளியே இருந்த அந்தத் தீப்பெட்டி ஆபீசில், தீக்குச்சி மருந்து மூட்டைகளை அடுக்கிவைத்த கிட்டங்கியின் சூட்டைச் சென்சார்கள் அளந்துகொண்டிருந்தன. அவை அனுப்பும் தகவலை வாங்கி, சூடு வரம்பு மீறினால் சைரனை ஒலிக்க வைப்பது அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த மாரிசெல்வியின் கணினியில் ஓடிய மென்பொருள். மதிய வெயிலில் கரண்ட் போய் வந்ததும் அது எழ மறுத்தது. தகவலைக் குறியாக்கிக் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று திரையில் வந்தது. புதியதைத் தரவேண்டிய சென்னைக் கம்பெனியில் போனை யாரும் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, கிட்டங்கி எப்படி இருக்குன்னு இப்பம் நமக்குத் தெரியாது. பக்கத்து ஷெட்டுல வேலை பாக்குதவியள வெளிய வரச் சொல்லுங்க."

மேனேஜர் பெருமாள்சாமி வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். சரக்கு பாதிதான் ஏறியிருந்தது. "இப்பந்தான் கிட்டங்கி வாசல்ல நின்னுட்டு வாரேன். நல்லாத்தான் இருக்கு. நீ சீக்கிரம் சரி பண்ணு."

ஒரே வழி, குறியாக்கத்தை அணைத்துவிட்டு மென்பொருளை இந்தக் கணினிக்குள் மட்டும் ஓடவிடுவது. அப்போது கடவுச்சொல்கூடக் கேட்காது. முகவரியில் ஒரு எண் தப்பினாலும் ஆபீஸ் வைஃபையில் இருக்கும் எவரும் உள்ளே புகுந்து சைரனை நிறுத்திவிடலாம். அதனால் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். சென்சார்களுக்கும் சைரனுக்கும் கணினியிலிருந்து நேராகத் தனி வயர். பிறகு அமைப்புக் கோப்பில் பாதுகாப்பான இணைப்புக்கான போர்ட்டை அழித்து, சாதாரண போர்ட்டை எழுதி, முகவரிக்கு, இந்தக் கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்று போட்டு ஓடவிட்டாள்.

உடனே நின்றுவிட்டது.

கோப்பை மறுபடி மேலிருந்து படித்தாள். கீழே ஒரு வரி இன்னும் பாதுகாப்பான இணைப்பையே கேட்டுக்கொண்டிருந்தது. விரல் வியர்வையில் வழுக்கியது. அதையும் மாற்றி ஓடவிட்டாள். இந்தமுறை நிற்கவில்லை, ஆனால் முழுதாக எழ நேரமெடுக்கும். ஷெட்டில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளால் உட்கார முடியவில்லை. ஓடினாள்.

"ஏட்டி பானு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வா!"

"அண்ணாச்சி சொன்னாவளா?"

"நான் சொல்லுதேன். வா!"

கடைசிப் பெண் வாசலைத் தாண்டும்போது சைரன் அலறியது. கிட்டங்கிக் கூரையின் இடுக்கில் புகை கிளம்பியது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் கிட்டங்கியோடு ஷெட்டின் பாதியும் எரிந்துபோனது.

பெருமாள்சாமி பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள். ஆனாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு மாரிசெல்வியிடம் வந்தார்.

"நீ சொன்னப்பமே அவியள வெளிய கூப்பிட்டிருக்கணும்."

மாரிசெல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பானு தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.