மஞ்சள் பூசிய கிறிஸ்துமஸ் மரம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஒரு துணிக்கொடியில் கிடைத்தது. கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில், ஈரவேட்டியைத் தாங்கிக்கொண்டு ஒரு சவுக்குக் கொம்பு நின்றது. "அது கிறிஸ்மஸ் மரம் சார்" என்றார் வீட்டுக்காரர். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. உச்சியில் மெழுகு சொட்டிய கறையைக் காட்டினார். எனக்கு அது காக்காய் எச்சமாகத்தான் தெரிந்தது. ஆனாலும் நம்பினேன். கோயிலிலும் நான் அப்படித்தான்.

(சவுக்கு இத்தனை வருஷம் தாங்குமா என்று கேட்காதீர்கள். கதை தாங்கினால் போதும்.)

2

ஆரம்பம்: 'மார்கழிப் பனித்திரை விலக, மாநகரின் எழில்—'

வேண்டாம். இப்படிப் பேசுகிறவனோடு என் கதாநாயகி தாட்சாயிணி வண்டியில் ஒரு மைல்கூட வரமாட்டாள்.

மறுபடி: '1942 டிசம்பரில்—'

இதுவும் வேண்டாம். அது யுத்த காலம்; பட்டணத்தில் விளக்கை மூடிவைத்திருந்தார்கள். தாட்சாயிணிக்கு விளக்குதான் வேண்டும். அவளுக்காக ஆறு வருஷம் பின்னால் நடந்து 1936-க்கு வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மவுண்ட் ரோடு கடைகளில் எரியும் கலர் விளக்கைக் காட்டுவதாகக் கல்யாணத்தன்றே அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் அவள் புருஷன் சம்பத். எட்டு வருஷமாக ஏதாவது தட்டிப்போயிற்று. ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் அம்மை, மற்ற வருஷங்களில் சம்பத்தின் சோம்பல். கோவில்பதாகையில் சவுக்குத் தோப்பில் வெட்டு வேலை அவனுக்கு. அந்த டிசம்பரில்தான் வேப்பேரியிலிருந்து ஆள் வந்தது. ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் வீட்டு மிஸ்ஸியம்மாவுக்குப் பண்டிகைக்கு ஒரு சவுக்கு மரம் வேண்டுமாம்.

"இந்தவாட்டி நீயும் வண்டில ஏறிக்கமே" என்றான் சம்பத். "மரத்தைப் போட்டுட்டு நேரா மவுண்ட் ரோடு."

3

திருவேங்கடம் அந்த வீட்டுச் சமையல்காரர். அவரைக் கெட்டவராக்க இரண்டு பக்கம் முயன்றேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை. வாய்தான் நீளம்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை நாலு மணிக்கு வந்து நின்ற வண்டியை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது?"

"மரம், அண்ணாத்தே."

"எலை எங்கே?"

"எலை யாருக்கு வோணும்? சுத்தமா கழிச்சி, பட்டை உரிச்சி, மொழுமொழுன்னு கொணாந்துகீறேன். தடவிப் பாரு."

பண்டிகைக்கு மரம் என்றால் சம்பத்துக்குப் பந்தக்கால்தான். தாட்சாயிணி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் மாவிலை கட்டியிருந்தாள். (ஏசு கோபித்திருக்கமாட்டார் என்பது என் துணிபு. யார் ஆசையாய்ப் பூசினாலும் மஞ்சள் மஞ்சள்தானே.)

மிஸ்ஸியம்மா வாசலுக்கு வந்தாள். கையில் மெழுகுவர்த்திப் பெட்டி.

"என்ன மேன் இது? ஆறு மணிக்குப் பிள்ளைங்க வரும். ரயில்வே லைன் வீட்டுல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களும். நான் கம்பத்தையா காட்டுறது?"

கத்தியிருந்தால் சம்பத்தும் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் பெட்டியை மடியில் வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாமே, போலாம்" என்று சம்பத் மாட்டைத் திருப்பினான்.

"ஆமா, கெளம்புங்க" என்றார் திருவேங்கடம். "மவுண்ட் ரோட்ல இன்னிக்கு ஏழு மணிக்கெல்லாம் கடையை மூடி வெளக்கை அணைச்சிடுவாங்க. நாளான்னிக்கு வந்தா வெறும் பல்புதான் தொங்கினு இருக்கும்."

தாட்சாயிணி வண்டியில் ஏறினாள். ஏறிய இடத்தைக் குனிந்து பார்த்தாள். மரத்தில் கழித்த இலைக்கொத்தையெல்லாம் அவள் உட்கார மெத்தையாகப் பரப்பியிருந்தான் சம்பத். விடியலிலிருந்து கிறிஸ்துமஸ் மரத்தின் மேலேயே அவள் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"யோவ், எறங்கு."

"இன்னாத்துக்கு?"

"எலை இங்கதான் கீது. கட்டிடலாம்."

"ரெண்டு மணி நேரம் ஆவும்மே! வெளக்கு?"

அவள் கொத்துகளை அள்ளிக் கீழே போட ஆரம்பித்துவிட்டாள். [இந்த இடத்தில் அவள் மனதில் ஓடியதை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் அவள் என்னைவிட நல்லவளாக இருந்தாள், எனக்குப் பொறுக்கவில்லை.]

தாட்சாயிணி இறங்கி, வைக்கோலைப் பிரியாகத் திரித்தாள். மிஸ்ஸியம்மா கொத்துகளை எடுத்துக் கொடுத்தாள். திருவேங்கடம் கொம்பைப் பிடித்துக்கொண்டார். வாய் மட்டும் ஓயவில்லை. "இன்னும் மேல கட்டும்மா. மொட்டையடிச்சவனுக்கு டோப்பா வெச்ச மாதிரி கீது."

ஆறேகால் மணிக்கு மரம் மரமாயிற்று. மாவிலையை எடுக்க வந்த திருவேங்கடத்தை மிஸ்ஸியம்மா தடுத்தாள். "அது இருக்கட்டும்."

4

இனி முடிவு. கையில் மூன்று இருந்தன.

ஒன்று: மிஸ்ஸியம்மா மோட்டார் காரில் அவளை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துப் போகிறாள். ரயில் டிரைவரிடம் ஏது கார்?

இரண்டு: மரத்தில் மெழுகுவர்த்தி எரிகிறது; 'இதுதான் என் மவுண்ட் ரோடு' என்று தாட்சாயிணி கண் கலங்குகிறாள். இதை எழுதினால் நீங்கள் மெச்சுவீர்கள், அவள் என்னை உதைப்பாள். எட்டு வருஷம் அவள் கேட்டது கலர் விளக்கு. மெழுகுவர்த்தி அழகாய்த்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டாள், அவ்வளவுதான்.

மூன்று: பண்டிகை முடிந்து, திருவேங்கடம் அந்தக் கொம்பைக் கழுவித் துடைத்து, அவரே கள்ளிக்குப்பத்துக்குக் கொண்டுவந்து சம்பத் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். இது நடந்தது. துணிக்கொடியே சாட்சி. ஆனால் இது கொம்பின் முடிவு. தாட்சாயிணிக்கு?

5

மணி ஏழடிக்கப் போகிறது. மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடை. வாடிக்கைக்காரர்கள் போய்விட்டார்கள். கதவைச் சாத்திய சிப்பந்தி விளக்குப் பொத்தானில் கை வைத்திருக்கிறார். காலையிலிருந்து நின்ற கால் அவருக்குக் கடுக்கிறது. வீட்டிலும் பண்டிகை, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

தூரத்தில் மாட்டு மணி கேட்கிறது. "ஓட்டுய்யா, ஓட்டு!" என்று ஒரு பெண் குரல்.

வண்டி இங்கே வந்து சேரப் பத்து நிமிஷமாவது ஆகும். மாடு களைத்திருக்கிறது. யாருடைய வண்டியோ, எதற்கு வருகிறதோ, சிப்பந்திக்குத் தெரியாது.

அந்தச் சிப்பந்திக்கு நான் பெயர் வைக்கவில்லை. அது நீங்கள்தான்.

கை உங்களுடையது.