ஒழுங்கைக்குள் நின்ற கார்

கார் வந்து சில நாளுக்குப் பிறகு றம்ஸியா குசினி ஜன்னலைத் திறக்கவில்லை.

திறந்தால் எதிரே கார்தான். கையை நீட்டினால் தொடும் தூரத்தில், வெயிலில் சுட்டபடி, வெள்ளையாக நின்றது. காலையில் அவளுடைய புருஷன் றுவைஸ் அதை ஸ்டார்ட் பண்ணி உறுமவிடும்போது புகை நேரே அடுப்படிக்கு வந்தது. மீன் ஆணத்திலும் அந்த மணம் அடிக்கிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "கொஞ்ச நாளைக்குச் சமாளி" என்றான். அவள் ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பட்டப்பகலிலும் லைற் போட்டுத்தான் சமைத்தாள்.

கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில் அவர்களுடைய காணி ஒடுக்கமானது, நீளமானது. முன்னால் வீதி, பின்னால் களப்புத் தண்ணீர். வாப்பா அபூதாஹிர் தன் இரண்டு மகள்மாருக்கும் அதில் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தார். மூத்தவள் றம்ஸியாவுக்கு வீதியோரத்து வீடு. இளையவள் ஷிஃபானாவுக்குப் பின்வீடு. பின்வீட்டுக்குப் போய்வர, முன்வீட்டுக் குசினிச் சுவரை ஒட்டி ஓர் ஒழுங்கை விட்டார். "மூத்தவள்ட சுவர் இதோட முடிஞ்சிது. இங்கால சின்னவள்ட வழி" என்று எல்லாரும் கேட்கச் சொல்லித்தான் விட்டார். அவர் மவுத்தாகிப் பல வருடமாகியும் அந்த வழியைப் பற்றி யாரும் ஒரு கதை கதைத்ததில்லை. கதைக்கத் தேவையிருக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். வந்தவருக்கு, தான் வந்தவர் என்ற நினைப்பு வராமல் வைத்திருப்பது பெண்ணின் வேலை. ஆட்கள் வந்தால் "அவர்ட ஊட்டுக்கு வாங்க" என்பாள். ஓடு உடைந்தால் "உங்கட கூரை ஒழுகுது" என்பாள். "இது என்ட ஊடு" என்ற ஒரு வசனத்தை மட்டும் சொல்லமாட்டாள். புருஷன் பெண்சாதி சண்டையில் எதையும் சொல்லலாம், அடுத்த வேளைச் சோற்றோடு அது ஆறிவிடும். இது ஆறாது. றம்ஸியாவின் உம்மா சொன்னதில்லை. றம்ஸியாவும் சொன்னதில்லை. சொல்லாமல் சொல்லாமல், அந்த வீடு உண்மையிலேயே அவனுடையது என்று அவளுக்கே சில வேளை தோன்றியதுண்டு.

றுவைஸ் கட்டாரில் பல வருடம் யார் யாருடையவோ கார்களை ஓட்டிவிட்டு வந்தவன். வந்ததும் முதலில் முன்மதிலைக் கட்டினான். கறுப்புக் கல் பதித்து, மேலே உருண்டை லைற் இரண்டு பூட்டி. ஊரில் இப்போது அந்த மதிலைச் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள். உள்ளே முற்றத்துக்குக் கல் பாவி, நாலைந்து கதிரை போட்டான். இஷாத் தொழுகைக்குப் பிறகு கூட்டாளிமார் வந்து அதில் இருந்து கதைப்பார்கள். மதில் கட்டும்போது மோட்டார் சைக்கிள் போகும் அளவுக்குத்தான் கேற் வைத்தான். பிறகு கார் வாங்கினான். முற்றத்துக்குள் எடுக்க வழியில்லை.

"மதிலை உடைச்சுக் கேற்றைப் பெருசாக்கினா என்ன?" என்று அப்போதே அவள் கேட்டாள்.

"விசர்க் கதை கதைக்காத."

இரண்டு நாளைக்கு என்று சொல்லி ஒழுங்கைக்குள் விட்டான். அது அங்கேயே நின்றுவிட்டது.

ஷிஃபானாவின் புருஷன் இன்பாஸ் ஓட்டோ ஓட்டுகிறான். காலையும் பின்னேரமும் பள்ளிப் பிள்ளைகள், இடையில் கிடைக்கிற ஹயர். அவன் ஓட்டோவை இனிப் பின்வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. வீதியில் விட்டான். கிண்ணியா மாடுகளுக்கு வீதியும் பட்டியும் ஒன்றுதான். ஒரு காளை ஓட்டோவில் முதுகைத் தேய்த்து ஹூட்டைக் கிழித்தது. ஆடுகள் சீற்றில் ஏறிப் படுத்தன. விடியற்காலையில் இன்பாஸ் வாளித் தண்ணீரோடு நின்று சீற்றைக் கழுவுவதை றம்ஸியா முன்வாசலிலிருந்து பார்த்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். சலாம் சொன்னான். திரும்பவும் சீற்றைக் கழுவினான்.

பின்வீட்டு ஆட்கள் காருக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நடந்தார்கள். ஒரு நாள் காலை ஷிஃபானாவின் மகள் அப்ரா வெள்ளைப் பள்ளி உடுப்போடு அப்படிப் போகும்போது அவளுடைய பேக்கின் கொளுக்கி காரில் உரசியது. றுவைஸ் அங்கேயே நின்றான்.

"கண் இல்லையா உனக்கு? மனிசன் நடக்கிற மாதிரி நடக்கத் தெரியாதா?"

"இடமில்ல பெரியவாப்பா" என்றாள் பிள்ளை.

"இடம் இரிக்கிற அளவுக்கு உடம்பை ஒடுக்கு."

சாத்திய ஜன்னலுக்கு இப்பால் றம்ஸியா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. வெளியே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் மிச்சத் தேங்காயைத் துருவினாள்.

அன்று பகல் ஒரு பீங்கான் நிறைய இறால் பொரித்து மகனிடம் பின்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். பின்னேரம் பீங்கான் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, வெறுமையாக.

அவர்களுக்கிடையில் வெறும் பீங்கான் போய் வந்ததே கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாயாவது, ஒரு பிடி சீனியாவது இருக்கும். றம்ஸியா அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினி லைற்றின் கீழ் வெகுநேரம் நின்றாள். தங்கச்சி வந்து முற்றத்தில் நின்று ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். ஏசுகிறவளுக்கு இன்னும் உறவு இருக்கிறது.

மாரிக்கு முன்பே ஒழுங்கைக்குக் கூரை போடுவதாக றுவைஸ் சொன்னான். மேசன் அன்ஸார் தூண்களுக்குக் குழி வெட்டத் தொடங்கிய காலை, இன்பாஸ் ஓட்டோ திறப்புக் கொத்தைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான்.

"என்ன நானா இது?" என்று றுவைஸை அண்ணன் முறை சொல்லிக் கேட்டான்.

"கூரை. கார் நனையக் கூடாது."

"கூரை சரி. அது?" மதிலில் சாய்த்து வைத்திருந்த பெரிய இரும்புக் கேற்றைக் காட்டினான்.

"ஒழுங்கை வாயில பூட்டப் போறன். மாடு வருது, கள்ளன் வாறான். உனக்கும் நல்லம்தானே. திறப்பு ஒண்டு தருவன்."

"என்ட ஊட்டுக்குப் போக நீங்க திறப்புத் தாறதா?"

"தராமலா விடுவன்?"

"எங்கட ஊட்டுக்கு வாற ஆக்கள் என்ன செய்யிற? கேற்றடியில நிண்டு உங்களுக்குக் கோல் எடுக்கிறதா? ரிக்கெற்றும் வெட்டுவீங்களோ?"

அன்ஸார் சிரிப்பை மறைக்கக் குழிக்குள் குனிந்து மண் அள்ளினான்.

"வாயைப் பார்த்துக் கதை, இன்பாஸ். ஓட்டோவை எங்கயும் விடலாம். கார் அப்பிடியா?"

"ஓம் நானா. ஓட்டோ சோறு போடுது, அது ரோட்டுல கிடக்கும். உங்கட கார் சும்மா நிக்குது, அதுக்குத்தான் ஊடு வேணும்."

பகல் சாப்பாட்டின்போது றம்ஸியா சொன்னாள்: "அந்தக் கேற் வேணாம். அது சின்னவள்ட வழி."

றுவைஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "மேசனுக்கு முன்னால அவன் என்னைக் கேவலப்படுத்தினான். அதைப் பத்தி ஒரு வார்த்தை கதைச்சியா நீ?"

"கேற் வேணாம் எண்டுதான் சொல்றன்."

"இந்த ஊட்டுல என்ட பேச்சுக்கு மரியாதை இல்லையெண்டா சொல்லு. இப்பவே சொல்லு."

அந்த வசனத்தின் வாசல்வரை அவனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டான். சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் அவளைச் சுட்டது. இத்தனை காலம் அவனுடைய மானத்தைக் காப்பாற்றத் தான் வாய்மூடி இருந்ததை, அவன் தன் பலம் என்று நினைத்திருக்கிறான். அவள் அவனுடைய சோற்றுக்கு ஆணம் ஊற்றினாள். கரண்டி பீங்கானில் இடித்தது.

வெள்ளிக்கிழமை தூண்கள் காய்ந்திருந்தன. ஜும்ஆ முடிந்து வந்த றுவைஸ், வெள்ளை ஜுப்பாவோடே காரை எடுத்து ஒழுங்கைக்குள் விட்டுப் பார்த்தான். அன்ஸார் கை காட்டினான். இன்பாஸ் ஒழுங்கை வாயில் ஓட்டோவில் இருந்தான். மறுகோடியில், தன் கேற்றைப் பிடித்துக்கொண்டு ஷிஃபானா நின்றாள்.

எதிர் மதிலோரம் தூண்கள் நின்றதால் கார் குசினிச் சுவரை ஒட்டித்தான் வரவேண்டியிருந்தது. வந்தது. அழகாக வந்து நின்றது. றுவைஸ் இறங்கக் கதவைத் திறந்தான். ஒரு சாண் திறந்து சுவரில் முட்டியது. ஜுப்பாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அடுத்த சீற்றுக்கு நகர்ந்து அந்தக் கதவைத் திறந்தான். தூணில் முட்டியது.

"நானா" என்றான் அன்ஸார் மெதுவாக, "காரை மட்டும்தானே அளந்து தந்தீங்க?"

"பின்ன எதை அளக்கிற?"

"கதவைத் திறந்து வச்செல்லோ அளந்திரிக்கணும்."

"பரவாயில்ல, இறங்காதீங்க நானா" என்றான் இன்பாஸ். "சோத்தை ஜன்னலால நீட்டுவாங்க."

றுவைஸ் பழைய சீற்றுக்கே திரும்பினான். முகம் சிவந்திருந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"அன்ஸார்! அங்க பின்னுக்கு அகலம்தானே? நாளைக்கு அவட கேற்றைக் கழட்டு. கார் உள்ளுக்குப் போய் அவட முத்தத்துல நிக்கட்டும்."

"கழட்டிப் பாருங்க" என்றாள் ஷிஃபானா. சத்தம் போடவில்லை. "என்ட ஊட்டுக் கேற்றுல கை வச்சிப் பாருங்க."

அப்போது குசினி ஜன்னல் திறந்தது. பல மாதம் சாத்திக் கிடந்த பலகைக் கதவு வெளியே விரிந்து காரில் அடித்தது. வெள்ளைப் பெயின்ற்றில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. றுவைஸின் முகத்துக்கு நேரே றம்ஸியாவின் முகம் நின்றது.

"இது என்ட ஊடு" என்றாள்.

உப்பு முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"இது என்ட சுவர். இதோட எனக்கு முடிஞ்சிது. அந்த வழி என்டது இல்ல, அதைத் தர எனக்கு ஏலாது. என்டதைத் தாறன். அன்ஸார்!"

"ராத்தா?"

"முன்மதிலை உடை. இந்தக் கேற்றை அங்க பூட்டு. கார் என்ட முத்தத்துல நிக்கட்டும். இந்தத் தூணையெல்லாம் கழட்டு."

அன்ஸார் காரைப் பார்த்தான். "நானாட்ட ஒரு வார்த்தை..."

"யார்ட ஊட்டு மதில் எண்டு சொன்னனான்தானே?"

களப்புப் பக்கமிருந்து காற்று வந்து போனது. இன்பாஸின் முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. அவனும் ஒரு வீட்டுக்கு வந்தவன்தான். றுவைஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். இறங்கி நடந்துபோகவும் அவனுக்கு வழியில்லை. இன்பாஸ் ஓட்டோவைத் தள்ளி ஒதுக்கினான். கார் பின்பக்கமாகவே, மெல்ல மெல்ல, வீதிக்குப் போனது.

அடுத்த நாள் மதில் விழுந்தது. கறுப்புக் கற்கள் வீதியோரம் குவிந்தன. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "புது மதிலை ஏன் உடைக்கிற?" என்று எதிர்வீட்டு றுக்கியா கேட்டாள். றம்ஸியா முற்றத்துக் கதிரைகளை மூலையில் அடுக்கினாள்.

அன்று பின்னேரம் அவள் ஒழுங்கையால் பின்வீட்டுக்கு நடந்தாள். ஷிஃபானா கேற்றைத் திறந்தாள், ஆனால் வழி விடாமல் நின்றாள்.

"மதிலை உடைச்சிட்டன்" என்றாள் றம்ஸியா.

"பார்த்தன்."

"இனி இன்பாஸ் ஓட்டோவை உள்ளுக்கு எடுக்கலாம்."

"எடுப்பாரு. அவர்ட வழிதானே." ஷிஃபானா அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்ரா அழுதுக்கிட்டு வந்த அண்டைக்கு நீங்க குசினிக்குள்ளதான் இருந்தீங்க ராத்தா. ஜன்னல் சாத்தியிருந்திச்சி. ஆனா லைற் எரிஞ்சிது. இடுக்கால தெரிஞ்சிது."

றம்ஸியா நின்றாள். திரும்பித் தன் குசினி ஜன்னலைப் பார்த்தாள்.

"மச்சான்ல எனக்குக் கோபம் கொஞ்சம்தான்" என்றாள் ஷிஃபானா. கேற்றைச் சாத்தினாள்.

றுவைஸ் ஒரு நாள் தன் உம்மாவின் வீட்டுக்குப் போனான். அது இப்போது அவனுடைய தங்கையின் வீடு. தங்கையின் புருஷன் நல்ல மரியாதையாகக் கதிரை போட்டு, "எத்தனை நாளைக்கு மச்சான்?" என்று கேட்டிருக்கிறான். மறுநாளே திரும்பிவிட்டான். அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான். அஸர் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் நின்ற காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். எங்கேயும் போகவில்லை. சும்மா இருந்தான். கதிரைகள் மூலையில் அடுக்கிக் கிடந்தன. கூட்டாளிமார் வருவதில்லை.

தேத்தண்ணியோடு முன்வாசலுக்கு வந்த றம்ஸியா அவனுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விருந்தாளியாக இல்லாமல் அவன் ஏறி உட்காரக்கூடிய ஒரே இடம் அதுதான் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. இடமில்லாமல் இருப்பது எப்படி என்று தெரிந்தவன்தானே ஒரு பிள்ளையிடம் உடம்பை ஒடுக்கச் சொன்னான்.

தேத்தண்ணியை அடுக்கிய கதிரைகளின் மேல் வைத்தாள். இப்போது காரின் கதவுகள் இரண்டு பக்கமும் முழுதாகத் திறக்கும். அவன் திறக்கவில்லை.

குசினிக்கு வந்து ஜன்னலைத் திறந்தாள். பின்வெயில் அடுப்பில் விழுந்தது. தூண்கள் கழற்றிய குழிகள் ஒழுங்கையில் வரிசையாகக் கிடந்தன, அன்ஸார் இன்னும் மூடவில்லை. அப்ரா பேக்கோடு வந்தாள், ஒழுங்கையின் நட்டநடுவால். ஜன்னல் திறந்திருப்பதைக் கண்டாள். உள்ளே பார்க்காமல் தாண்டிப் போனாள்.

றம்ஸியா ஜன்னலைச் சாத்தவில்லை.