வேட்பாளரின் காரில் இரண்டு நாள்

தேர்தல் வந்தால் பள்ளி ஆசிரியர்களுக்கு என்ன வேலை விழும் என்று சொல்ல முடியாது. கோகிலவாணி டீச்சரை இந்தமுறை நாமக்கல்லில் செலவுக் கண்காணிப்புக்குப் போட்டிருந்தார்கள். யாராவது காசு வாங்கிக்கொண்டு ஒரு வேட்பாளரைப் புகழ்ந்து எழுதினால், அதை அந்த வேட்பாளரின் செலவில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாளே குழந்தைவேலின் வலைப்பதிவு மீது புகார் வந்தது. அவர் லாரிப் பட்டறையில் பெயிண்டர். சேந்தமங்கலம் பக்கத்து ரோடு, தண்ணீர் என்று ஆறு வருஷமாக எழுதுகிறவர். டீச்சரும் விடாமல் படிப்பார். இப்போது, எட்டு ஊருக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வேட்பாளர் சந்திரசேகர் ஜெயித்தால்தான் அங்கே தண்ணீர் வரும் என்று எழுதியிருந்தார்.

கூப்பிட்டதும் விரலில் பெயிண்ட் கறையோடு வந்து நின்றார்.

"யாராச்சும் பணம் குடுத்தாங்களா?"

"அஞ்சு பைசா வாங்கலீங்க டீச்சர். மனசுல பட்டதை எழுதினேன். டீக்கடையில ஒருத்தர் அவரைப் புகழ்ந்து பேசினா அதையும் செலவுல சேப்பீங்களா?"

டீச்சர் அவருடைய பதிவை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

"எட்டு ஊருக்கும் எதுல போனீங்க?"

"அவரு கார்லதானுங்க. ரெண்டு நாள். சாப்பாடும் அவங்களோடதான்." குரல் இறங்கியது. "தப்புங்களா?"

"தப்புன்னு சொல்லலீங்க. ஆனா பதிவைப் படிச்ச எனக்கு அது தெரியலையே."

அவர் முகம் சுண்டிப்போனது. "ஆறு வருஷமாப் படிச்சவங்களே சந்தேகப்படறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பணம் கைமாறவில்லை, சொந்தக் கருத்து என்று டீச்சர் அறிக்கை எழுதினார். கார் விஷயத்தையும் மறைக்கவில்லை. மேலதிகாரி உஷாராணி புகாரை முடித்துவைத்தார். விதிப்படி சரிதான், டீச்சருக்குத்தான் மனம் ஆறவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பதிவின் தலையிலேயே குழந்தைவேல் எழுதியிருந்தார்: 'வேட்பாளரின் காரில் போனேன், அவரோடு சாப்பிட்டேன். தெரிந்துகொண்டு படியுங்கள்.' கீழே, விலைபோய்விட்டாயா என்று ஆளாளுக்குத் திட்டியிருந்தார்கள்.

மறுநாள் அவரே போன் செய்தார்.

"அந்த வரியை எடுக்கச் சொல்லி சந்திரசேகர் ஆளுங்க கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். நேத்து பஸ்ஸுல அந்த எட்டு ஊர்ல ஒண்ணுக்குப் போனேனுங்க. அங்காளம்மாள்னு ஒருத்தங்க, சந்திரசேகர் பஞ்சாயத்துத் தலைவரா இருந்தப்பப் போட்ட குழாயைக் காட்டினாங்க. சொட்டுத் தண்ணி வந்ததில்லையாம். கார்ல போனப்ப பக்கத்துலதான் நின்னிருக்காங்க, வாயே தெறக்கல."

"எழுதப் போறீங்களா?"

"எழுதாம?"

"இப்ப அவரு ஆளுங்க புகார் குடுப்பாங்க. மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க டீச்சர், வாரேன். இப்ப அடுத்த ஊருக்குப் போயிட்டிருக்கேன்" என்றார் குழந்தைவேல். பின்னால் கண்டக்டர் விசில் ஊதுவது கேட்டது.